முப்பத்திரண்டுக்கு அப்புறம் ஏழு

மேனேஜரை அவள் "டேய்" என்று கூப்பிட்டபோது காலை பதினொன்று பத்து. கட்டிங் ஹாலில் நாற்பது பேர் இருந்தார்கள். அந்த மெஷின் இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் தும்மினால்கூடக் கேட்காது. ஆனால் அந்த ஒரு சொல் மட்டும் நாற்பது பேருக்கும் கேட்டது. துணி விரித்துக்கொண்டிருந்தவர்கள் விரித்த கை விரித்தபடி நின்றார்கள். மேனேஜர் கையில் டீ கிளாஸ் இருந்தது. தனக்குப் பின்னால் இருக்கும் யாரையோதான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து ஒரு தடவை திரும்பியும் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"உன்னைத்தான்டா. பின்கதவுச் சாவியக் குடு."

அதட்டலாகச் சொல்லவில்லை. சாப்பிடும்போது தம்பியிடம் உப்பை எடு என்று சொல்வது போலச் சொல்லிவிட்டு, கையை நீட்டிக்கொண்டு நின்றாள். ஐம்பத்தொரு வயது. இந்த ஹாலில் பத்து வருஷம். 'சார்' போடாமல் அவரிடம் ஒரு வார்த்தை பேசியவள் இல்லை. அவர் வாயே திறக்காததால், "சரி விடு, நானே பாத்துக்கறேன்" என்று ஹாலின் கோடிக்கு நடந்தாள். அங்கேதான் பின்கதவு. கதவு என்று பேர்தான். ஆறு மாதமாக அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்குத் துணி ரோல்கள். ரோல்களுக்குப் பின்னால் ஒரு பூட்டு. அவள் குனிந்து ஒரு ரோலின் அடியில் இரண்டு கையையும் கொடுத்துத் தூக்கினாள்.

ரோல் அசையவில்லை. கனம் மணிக்கட்டில் ஏறி, முழங்கையில் ஏறி, தோளில் வந்து உட்கார்ந்தது. இடுப்பில் சுரீர் என்றது. அவள் முகம் வெளுத்ததை அயர்னிங் மேசைவரைக்கும் பார்த்தார்கள்.

"ஐயையோ," என்றாள். "முழிச்சிட்டுல்ல இருக்கேன்!"

அதுவும் நாற்பது பேருக்கும் கேட்டது.

அவளை எல்லோரும் டேப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். சின்னவர்களுக்கு டேப்பக்கா. அளவு டேப் கழுத்தில் இல்லாமல் அவளை யாரும் பார்த்தது கிடையாது. நூறு அடுக்குத் துணியை ஒரே ஓட்டத்தில் வெட்டுகிற கத்தி அவளுடையது. இடது கையில் இரும்பு வலைக் கையுறை, வலது கையில் மெஷின். கத்தி ஒரு நூல் விலகினால் நூறு கைகளும் நூறு கழுத்துகளும் ஒரேயடியாக வீண். அதனால் அவள் எதையும் இரண்டு தடவை அளப்பாள். அளந்து, முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்து, மறுபடி டேப்பைப் பார்ப்பாள். ஜாக்கிரதையான ஆள் என்று எல்லோரும் சொன்னார்கள். பாதி அதுதான். மீதிப் பாதி அவளுடைய தங்கைக்கு மட்டும் தெரியும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவள் வேறொரு கம்பெனியில் இருந்தாள். அங்கே துணி வைக்கிற அறையில் ஒரு மத்தியானம் தீப்பிடித்தது. பெரிய தீ இல்லை, ஆனால் புகை பெரிது. அவள் முன்பக்கம் ஓடினாள். அவளுடைய மேசைக் கூட்டாளி பின்பக்கம் ஓடினாள், அதுதான் கிட்ட. வாய் ஓயாமல் பேசுகிறவள் என்பதால் அந்தக் கூட்டாளிக்கு ரேடியோ என்று பெயர். பின்கதவு பூட்டியிருந்தது. வெளியே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற டேப்புக்கு அந்தக் கதவை உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. சாவி யாரிடம் இருக்கிறது என்று ஆளாளுக்கு ஓடிக்கொண்டிருந்தபோதே சத்தம் நின்றுவிட்டது.

அதற்கப்புறம் எட்டு வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கினாள். தூங்கினாள் என்று சொல்வதே தப்பு. படுப்பாள், கண் அசந்ததும் தட்டுவார்கள், எழுந்து உட்காருவாள். மாத்திரை சாப்பிட்டால் தட்டுகிற சத்தம் நிற்கவில்லை, எழுந்து உட்கார முடியாமல் போனது, அவ்வளவுதான். முப்பத்தெட்டுக் கிலோவுக்கு வந்தாள். பஸ்ஸில் நின்றபடியே கண் செருகுவாள். அப்படி ஒரு இரவு, கனவில் கதவுக்கு முன்னால் நிற்கும்போது, தற்செயலாகக் கழுத்தில் கிடந்த டேப்பைப் பார்த்தாள். முப்பது, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு. அதற்கப்புறம் ஏழு. ஏழுக்கு அப்புறம் ஐம்பது. முகத்தைத் திருப்பிவிட்டு மறுபடி பார்த்தால் முப்பத்திரண்டையே காணோம். எந்த டேப்பிலாவது முப்பத்திரண்டுக்கு அப்புறம் ஏழு வருமா? இப்படி ஒரு டேப்பை எந்த மடையன் அச்சடித்தான் என்று கனவிலேயே அவளுக்குக் கோபம் வந்தது. உடனே விளங்கிவிட்டது. இது கனவு. நான் படுக்கையில் கிடக்கிறேன். தங்கை பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறாள்.

முதல் தடவை அவள் ஒன்றும் செய்யவில்லை. கதவுக்கு முன்னால் உட்கார்ந்து, "இரு, வரேன்" என்று மட்டும் சொன்னாள். தட்டுவது கொஞ்சம் மெதுவானது. அடுத்த தடவை கதவைத் தள்ளிப் பார்த்தாள். அதற்கடுத்த தடவைதான், புகைக்குள் சும்மா நின்றுகொண்டிருந்த பழைய மேனேஜரைப் பார்த்து, இத்தனை வருஷமாகத் தொண்டையில் சிக்கியிருந்ததைச் சொன்னாள்: "டேய், சாவியக் குடு." அவன் கொடுத்துவிட்டான். கனவுதானே. கனவில் மட்டும் கதவுக்கு முன்னால் குவிந்து கிடக்கும் துணி ரோல்களைத் தலையணை மாதிரித் தூக்கிப் போட்டாள். கதவு திறந்தது. ரேடியோ புடவையை உதறிக்கொண்டு வெளியே வந்து, "எத்தனை நேரம்டி? எனக்கு எவ்வளவு வேலை கிடக்கு தெரியுமா?" என்றாள். அன்றைக்கு டேப்பு காலை ஏழு மணிவரை தூங்கினாள். எட்டு வருஷத்தில் முதல் தடவை. தங்கை பயந்துபோய் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாளாம்.

இப்போது சொன்னால் புரியும். கட்டிங் ஹாலில் நின்றபோது அவள் கழுத்தில் கிடந்தது புது டேப். பழையது அழிந்துபோனதால் அன்று காலைதான் ஸ்டோரில் கொடுத்தார்கள். அவளுடைய பழைய டேப்பில் இரண்டு பக்கமும் அங்குலம். இதில் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். அவள் முப்பத்திரண்டு என்று பார்த்தாள். ஜன்னலைப் பார்த்தாள். அந்த நேரம் டேப் புரண்டுகொண்டது. திரும்பிப் பார்த்தால் அதே இடத்தில் எண்பத்தொன்று. சரி, கனவு என்று முடிவு பண்ணிவிட்டாள். நிமிர்ந்தால் கோடியில் பூட்டிய கதவு, அதன் முன்னால் ரோல்கள், கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மேனேஜர். எல்லாம் வழக்கமாக இருக்கிற இடத்தில் இருந்தன. அவளும் வழக்கமாகச் செய்வதைச் செய்தாள்.

"மேனேஜரையா?" என்றாள் தங்கை, அன்று ராத்திரி.

"ம்."

"டா போட்டா?"

"ரெண்டு தடவை."

தங்கை மருந்துக்கடையில் வேலை செய்கிறவள். நாள் முழுக்க நின்ற கால், வீட்டுக்கு வந்ததும் சமையலறைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்துவிடுவாள். அவள் சிரித்த சிரிப்பில் வெங்காயத் தட்டு கவிழ்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தபோதுதான் சிரிப்பு நின்றது.

"கத்தி மேசைய விட்டு எடுத்துடுவாங்களாக்கா?"

"எடுத்தாச்சு. இன்னைக்கு மத்தியானமே. பிசிறு வெட்டற மேசை."

பிசிறு வெட்டுவது என்றால் தைத்து வந்த சட்டையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூலைச் சின்னக் கத்தரியால் நறுக்குவது. வேலைக்குச் சேரும் முதல் வாரத்தில் பழக்குகிற வேலை. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வெங்காயம் பொறுக்கினார்கள்.

"ஒரு நாளைக்கு முப்பது பேர் தூக்க மாத்திரை கேட்டு வர்றாங்க எங்கடைக்கு," என்றாள் தங்கை. "தூக்கம் வரலையேன்னு அழறாங்க. என் வீட்ல ஒருத்தி, நல்லா வர்ற தூக்கத்தை நாலு மணிக்கு அலாரம் வெச்சு உடைச்சு, மறுபடி உள்ள போய்க் கதவு திறக்கறா. விட்டுடேன்க்கா. அவளைத்தான் வெளிய கொண்டாந்துட்டியே. இன்னும் எத்தனை தடவை?"

அலாரம் விஷயம் உண்மைதான். விடியும் முன்னால் ஒரு தடவை எழுந்து, தண்ணீர் குடித்து, மறுபடி படுத்தால் கனவு சொன்ன பேச்சுக் கேட்கிறது என்று டேப்பு கண்டுபிடித்திருந்தாள். இரண்டு வருஷமாக வாரத்தில் மூன்று நாள் அலாரம்.

"நான் தட்டற சத்தத்தைக் கேட்டுட்டுக் கெடந்தப்ப நீ விடுன்னு சொன்னியா?"

"அப்ப நீ தூங்கல. இப்ப நான் தூங்கல. நாலு மணிக்கு அலாரம் அடிச்சா நீ ஜம்முனு மறுபடி போயிடறே. நான் விடியற வரைக்கும் ஃபேனை எண்ணிட்டுக் கெடக்கேன்."

"ஃபேன் ஒண்ணுதானே இருக்கு."

"அதைத்தான் எண்ணிட்டே இருக்கேன்."

மறுநாள் பேப்பர் மேடம் கூப்பிட்டனுப்பினாள். ஆட்கள் விவகாரத்தைப் பார்க்கிற அதிகாரி, முப்பது வயதுக்காரி, எங்கே போனாலும் கையில் ஒரு காகிதத்தோடுதான் வருவாள். அதனால் அந்தப் பெயர். கெட்டவள் இல்லை. உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். கனவு என்று நினைத்துவிட்டேன் என்று டேப்பு சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். இரண்டு வாரம் டைம், டாக்டரைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றாள். "தூக்கத்துல ஏதோ பிரச்சினைன்னு டாக்டர் சொல்லிட்டா போதும்மா. நாங்க பாத்துக்கறோம். உங்க மேசை உங்களுக்குத் திரும்ப வரும்."

பிசிறு மேசையில் அதற்குள் அவள் பேர் பரவிவிட்டது. அயர்னிங் பெண்கள் தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் கையை நீட்டி "சாவியக் குடுடா" என்று ஒருத்திக்கொருத்தி சொல்லிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி பக்கத்தில் குனிந்து, "டேப்பக்கா, அந்தக் கனவு எப்படின்னு எனக்கும் சொல்லிக்குடு. என் மாமியாரை ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்துடறேன்" என்றாள். டேப்பு சிரித்தாள். சிரித்தபடியே கோடியில் பார்த்தாள். புதிதாக வந்த ரோல்களைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து ரோல் மாமா அதே கதவுக்கு முன்னால் அடுக்கிக்கொண்டிருந்தார். அறுபது வயது மனுஷர். எங்கே அடுக்கச் சொல்கிறார்களோ அங்கே அடுக்குவார். ஒன்று மட்டும் அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. ஆறு மாதமாக இதே ரோல்களை, இதே பூட்டை, தினம் எட்டு மணி நேரம் பார்த்திருக்கிறாள். விழித்திருக்கும்போது ஒரு தடவைகூட அவள் வாயைத் திறந்ததில்லை.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். அவரும் ஒரு டேப்பு மாதிரிதான் என்று அவளுக்குத் தோன்றியது. அந்த அம்மாளுக்கு இவளைவிட நாலைந்து வயது கூட இருக்கும். சுவரில் கண் பரிசோதிக்கிற எழுத்து அட்டை. டேப்பு அதைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

"எதுக்கு ரெண்டு தடவை பாத்தீங்க?"

"முழிச்சிருக்கேனான்னு பாத்தேன்."

"முழிச்சிருக்கீங்களா?"

"எழுத்து நிக்குது டாக்டர். முழிச்சுதான் இருக்கேன். நீங்களும்தான்."

டாக்டர் சிரித்துவிட்டு, கேள்விகளை ஆரம்பித்தார். எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை மணிக்கு எழுகிறீர்கள், பகலில் கண் சொக்குகிறதா, இல்லாத குரல் கேட்கிறதா, நிஜத்தையும் கனவையும் இதற்கு முன்னால் எப்போதாவது குழப்பிக்கொண்டதுண்டா. "அந்த ஒரு தடவைதான். டேப்பு புரண்டுக்கிச்சு" என்று அவள் இரண்டு பக்கத்தையும் காட்டினாள். டாக்டர் அதை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அப்புறம் அவள் தீயைப் பற்றிச் சொன்னாள், எட்டு வருஷத்தைப் பற்றிச் சொன்னாள், ரேடியோ புடவையை உதறியதைச் சொன்னாள். பேனாவை மூடி வைத்துவிட்டு டாக்டர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இது உடம்புக்குக் கெடுதலா டாக்டர்? அதை மட்டும் சொல்லுங்க."

"தெரியலைங்கறதுதான் நேர்மையான பதில்," என்றார் டாக்டர். "இதைப் படிக்கறவங்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரல. கனவுன்னு தெரிஞ்சே காணறதுனால மட்டும் தூக்கம் கெடுதுன்னு சொல்ல முடியல. சிலர் நல்லா தெளிவா எந்திரிக்கறாங்க. கெட்ட கனவு வர்றவங்களுக்கு இது உதவியிருக்கு, உங்களுக்கு நடந்த மாதிரி. ஆனா அந்தக் கனவைப் புடிக்கறதுக்காகத் தூக்கத்தை நடுவுல உடைக்கறாங்க பாருங்க, அதுக்கு உடம்பு கணக்குக் கேக்கும். அடுத்தது, எது நிஜம்னு ஏற்கெனவே குழப்பம் உள்ளவங்க இந்தப் பக்கமே போகக்கூடாது. நீங்க அந்த ரகம்னு எனக்குத் தோணல. எழுதிட்டு வாங்க. ரெண்டு வாரம். எப்ப படுத்தீங்க, அலாரம் உண்டா, கனவு வந்துதா, காலைல எப்படி இருந்தீங்க. வீட்ல யாராவது எழுதினா இன்னும் நல்லது. தனக்குத் தானே எழுதினா மனசு பொய் சொல்லும்."

எழுதியது தங்கை. மருந்துக்கடைப் பழைய நோட்டு ஒன்றில், மருந்துச் சீட்டு எழுதுகிற அதே சின்ன எழுத்தில். 'திங்கள்: அலாரம் உண்டு. கனவு வந்தது. காலையில் முகம் பஞ்சு மாதிரி. பஸ்ஸில் தூங்கி இரண்டு ஸ்டாப் தள்ளி இறங்கினாள். புதன்: அலாரம் உண்டு. கனவு வரவில்லை. எரிச்சல். என் மேல் பாய்ந்தாள். வெள்ளி: அலாரம் இல்லை. கனவு தானாக வந்தது. ஏழரை மணி நேரம் தூங்கினாள். நானும்.' ஒவ்வொரு நல்ல நாளின் கடைசியிலும் அந்த 'நானும்' இருந்தது.

முதல் வாரம் முடிந்து டேப்பு நோட்டைப் படித்துப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய் அலாரம் கடிகாரத்தை எடுத்து வந்து தங்கையின் மடியில் வைத்தாள்.

"இதைக் கொண்டுபோய் உன் கடை டிராயர்ல போடு. கனவு மட்டும் என்னுது. அதைக் கேக்காதே."

"நான் எப்பவோ கேட்டுட்டேன். நீதான் குடுக்கல."

அலாரம் இல்லாத இரண்டாவது வாரம் பகலெல்லாம் உடம்பு லேசாக இருந்தது. பஸ்ஸில் கண் சொக்கவில்லை. கனவுதான் வரத் தயங்கியது. ஒரே ஒரு இரவு வந்தது, பழைய மாதிரி வந்தது. கதவு, புகை, தட்டுகிற சத்தம். கழுத்தைத் தடவினாள், டேப் இல்லை. மேனேஜரைத் தேடினாள், அவனும் இல்லை. எழுந்து உட்கார்ந்தபோது தங்கை விளக்கைப் போட்டு, முதுகைத் தடவிக்கொண்டே, "அலாரத்தைத் திரும்பக் கொண்டாந்துடவா?" என்று கேட்டாள். டேப்பு தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. தண்ணீர் குடித்தாள். அவள் அதற்கப்புறம் சொன்னதைத் தங்கை நோட்டில் எழுதவில்லை.

"அவளைக் கனவுல திறந்துவிட்டாச்சு. இங்க நாப்பது பேர் இருக்காங்கடி. நான் தினம் பாத்துட்டு இருக்கேன்."

நோட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் கொடுத்த சீட்டு நாலே வரிதான். தூக்கம் போதுமானதாக இருக்கிறது. கவனம் சீராக இருக்கிறது. அலாரம் வைத்துத் தூக்கத்தை உடைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், ஏற்றுக்கொண்டார். கத்தி மெஷினில் வேலை செய்யத் தகுதியானவர். மடித்துக் கொடுக்கும்போது டாக்டர் கேட்டார்: "கனவு வருதா இப்ப?" "குறைஞ்சிருக்கு." "வருத்தமா?" டேப்பு யோசித்து, "அவ கோவிச்சுக்குவா. பேச ஆள் இல்லாம இருக்க மாட்டா" என்றாள்.

பேப்பர் மேடம் அந்தச் சீட்டைப் படித்தாள். மறுபடி படித்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேனேஜரிடம் தள்ளினாள். அவர் படித்துவிட்டு மேசைமேல் வைத்து, அதன்மேல் பேப்பர் வெயிட்டை நகர்த்தினார். பேப்பர் மேடம் தன் கையிலிருந்த காகிதத்தை எடுத்து டேப்புக்கு முன்னால் வைத்தாள். அடியில் கையெழுத்துக்கான கோடு போட்டுத் தயாராக இருந்தது.

"இது ஒண்ணும் இல்லம்மா. ஃபைலுக்கு. நாளைக்கே யாராவது ஆபீசர் வந்து கதவு அது இதுன்னு கேட்டா எங்ககிட்ட ஒரு பேப்பர் இருக்கணும்ல. கையெழுத்து போட்டுட்டு நீங்க மத்தியானமே உங்க மேசைக்குப் போயிடலாம்."

டேப்பு படித்தாள். 'எனக்குள்ள தூக்கக் கோளாறு காரணமாக, கனவுக்கும் நிஜத்துக்கும் வேறுபாடு தெரியாத நிலையில், பின்கதவு குறித்து உண்மைக்குப் புறம்பாகப் பேசினேன்.' ஜன்னலைப் பார்த்தாள். கீழே யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பிக் காகிதத்தைப் பார்த்தாள். எழுத்துகள் அப்படியே நின்றன. ஒன்றுகூட அசையவில்லை.

"உண்மைக்குப் புறம்பாவா?"

"அது ஒரு வழக்கமா எழுதறதும்மா."

"சார்," என்று அவள் மேனேஜர் பக்கம் திரும்பினாள். "பின்கதவு பூட்டியிருக்கா, இல்லையா?"

"வெட்டின துணி காணாமப் போகுது. அந்த வழியாத்தான் போகுது. பூட்டாம என்ன பண்ணச் சொல்றே?"

"அப்ப பூட்டியிருக்கு."

"இங்க பாரும்மா, நாற்பது பேர் முன்னாடி நீ என்னைய என்னன்னு கூப்பிட்டே? வேற ஒருத்தனா இருந்தா அன்னைக்கே வெளிய அனுப்பியிருப்பான். உனக்கு ஒரு வழி விடறேன்ல?"

அது நிஜம்தான். அவளுக்குக் காது சூடானது. பேப்பர் மேடத்தின் பேனாவை எடுத்தாள். மேடத்தின் தோள் இறங்கியது, மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். டேப்பு காகிதத்தைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வோர் எழுத்தாக எழுதினாள். எழுதியதை உரக்கப் படித்தாள்.

"மேனேஜர் அவர்களை டேய் என்று இரண்டு தடவை கூப்பிட்டது தப்பு. மன்னிக்க வேண்டும். சாவி கேட்டது தப்பு இல்லை. அதைத் தூக்கத்தில் கேட்டதுதான் தப்பு. முன்னாலேயே முழித்துக்கொண்டு கேட்டிருக்க வேண்டும்."

அதன் அடியில் கையெழுத்துப் போட்டாள். தேதியும் போட்டாள்.

"இது செல்லாதும்மா," என்றாள் பேப்பர் மேடம். குரலில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது.

"எனக்குச் செல்லும்."

"அப்ப பிசிறு மேசைதான்," என்றார் மேனேஜர். "இருக்கற வரைக்கும். அதுவும் எத்தனை நாளைக்குன்னு தெரியாது."

"சரிங்க சார்."

படியில் இறங்கும்போது வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். பத்து வருஷத்துக் கத்தி. கைப்பிடியில் அவளுடைய உள்ளங்கை அளவுக்கு ஒரு பள்ளம் தேய்ந்திருந்தது. இனிமேல் அதில் வேறொருத்தருடைய கை பொருந்தாமல் கிடந்து திணறும். ஹாலுக்குள் நுழைந்ததும் இடது பக்கம் திரும்பினால் பிசிறு மேசை. அவளுடைய ஸ்டூல், அவளுடைய சின்னக் கத்தரி. அயர்னிங் பெண்கள் அவள் முகத்தைப் பார்த்தார்கள். ஒருத்தியும் கையை நீட்டிக் கேலி பண்ணவில்லை.

அவள் இடது பக்கம் திரும்பவில்லை. நேராகக் கோடிக்கு நடந்தாள்.

பின்கதவுக்கு முன்னால் எண்ணினாள். பதினெட்டு ரோல். இரண்டு வாரத்துக்கு முன்னால் பதினாலுதான். அருகில் தள்ளுவண்டியின் கைப்பிடியில் சாய்ந்துகொண்டு ரோல் மாமா நின்றார். அவள் டேப்பைப் பிடித்து, மறுபடி புரண்டு ஏமாற்றாதபடி அங்குலப் பக்கத்தை மேலே வைத்துக்கொண்டாள். முப்பத்திரண்டு. ஜன்னலைப் பார்த்தாள். முப்பத்திரண்டு. அதற்கப்புறம் முப்பத்துமூன்று. டேப்பைக் கழுத்தில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டாள். குனிந்து, ஓரத்தில் தனியாகக் கிடந்த ரோலுக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள். இடுப்பில் பழைய இடத்தில் சுரீர் என்றது. ரோல் ஒரு விரல் அளவு எழும்பி மறுபடி உட்கார்ந்தது.

"டேப்பு," என்றார் ரோல் மாமா மெதுவாக. "முழிச்சிருக்கியா?"

"முழிச்சுதான் இருக்கேன் மாமா. கனக்குது பாருங்க."

அவர் மாடிப்படியைப் பார்த்தார். மேலே ஆபீஸ் ஜன்னலில் மேனேஜரின் நிழல் எழுந்து நின்றது. ரோல் மாமா தலைத்துண்டை அவிழ்த்து உதறினார், மறுபடி கட்டினார். அதற்கு அவருக்கு ரொம்ப நேரம் பிடித்தது.

"அடுக்கினவன் நான்தான்," என்றார். "அந்தப் பக்கம் புடி."

முதல் ரோல் வண்டியில் விழுந்தபோது எழும்பிய பஞ்சுத்தூசியில் இரண்டு பேரும் இருமினார்கள். கட்டிங் மெஷின் ஒன்று நின்றது. அப்புறம் இன்னொன்று. படியில் செருப்புச் சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது. அவள் நிமிரவில்லை. இரண்டாவது ரோலுக்கு அடியில் கையைக் கொடுத்து, மூச்சை இழுத்துப் பிடித்து, கனத்துக்குத் தோளைத் தயார் பண்ணிக்கொண்டு தூக்கினாள்.

ரோல் லேசாக எழும்பியது. தலையணை மாதிரி.

இல்லை, இது வேண்டாம், இது மட்டும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே, கன்னத்தால் டேப்பைத் தள்ளிப் பார்த்தாள். முப்பத்திரண்டு. கண்ணை மூடித் திறந்தாள். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று, முப்பத்துநாலு. பிறகு தலையைக் குனிந்து ரோலின் அடியில் பார்த்தாள். அவளுடைய கைகளுக்குப் பக்கத்தில், அயர்ன் பாக்ஸ் சுட்ட தழும்போடு, மருதாணி அழிந்தும் அழியாமலும், இன்னும் ஆறு கைகள் இருந்தன.